திருப்புளிக்கு முன் காது: மடிக்கணினி பழுது பார்க்க வரும் பிள்ளைகளுக்கு 16 அறிவுரைகள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் 1998-இல் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலில் மேசைக் கணினிகள், பிறகு மடிக்கணினிகள். இத்தனை வருடங்களில் என் மேசைக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கும் புகார் ஒன்று உண்டு: “அண்ணே, ஆன் பண்ணினா பீப் பீப்னு சத்தம் வருது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல.” கடைப் பேச்சில் இதற்கு ‘நோ டிஸ்ப்ளே’ என்று பெயர்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும் அதிகம் தவறு செய்வதும் இந்தப் புகாரில்தான். பயம் வந்ததும் கை திருப்புளியைத் தேடுகிறது. திறந்து, எதையாவது பிடுங்கி, எதையாவது சூடாக்கி, கடைசியில் ‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அங்கே ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளமாகிவிடுகிறது.

தம்பிகளே, தங்கைகளே, பீப் அடிக்கும் மடிக்கணினி செத்துப்போனதாக நினைக்காதீர்கள். தனக்கு எங்கே வலிக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. காது கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பழக்கிக்கொள்ளும் வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சத்தம் எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் போர்டில் உள்ள ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் வேலையைத் தொடங்கும். அதை ‘இ.சி.’ என்போம். ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் முறைப்படி எழுப்பிவிடுவது அதன் வேலை. பிறகு பிராசசர் விழித்து, பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும் முதல் கட்டளையைப் படிக்கும். அடுத்து ரேம் இருக்கிறதா என்று தேடும். அதன் பின் கிராபிக்ஸ், கீபோர்டு, டிஸ்க். கடைசியில்தான் விண்டோஸ். இந்தத் தற்சோதனைக்கு ‘போஸ்ட்’ என்று பெயர்.

திரையில் ஓர் எழுத்து தெரிய வேண்டுமென்றால் ரேமும் கிராபிக்சும் அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். அவற்றிலேயே கோளாறு என்றால் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால் சத்தம் போடுகிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. ஒரே ஒரு குட்டி பீப் வந்தால் சோதனை நல்லபடி முடிந்தது என்று பொருள்.

ஆகவே பீப் கேட்டாலே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது. போர்டில் மின்சாரம் ஏறியிருக்கிறது, சோதனை செய்யும் பகுதி உயிரோடு இருக்கிறது. நீங்கள் தேட வேண்டிய இடம் குறுகிவிட்டது.

2. இயந்திரத்தைத் தொடும் முன் கொண்டுவந்தவரை விசாரியுங்கள்.

“எப்போதிலிருந்து இப்படி? கீழே விழுந்ததா? தண்ணீர், டீ ஏதாவது கொட்டியதா? புதிதாக ரேம் போட்டீர்களா? ராத்திரி அப்டேட் ஓடியதா? பாதியில் கரண்ட் போனதா? இதற்கு முன் வேறு யாராவது திறந்தார்களா?” இந்த ஏழு கேள்விகளையும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்குப் பலர் தயங்குவார்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே திறக்கப்பட்ட மடிக்கணினியில் அசல் கோளாறோடு, திறந்தவர் செய்த கோளாறும் சேர்ந்திருக்கலாம். அது தெரியாமல் தேடினால் ஒரு நாள் முழுக்கப் போகும்.

3. எண்ணுங்கள், எழுதி வையுங்கள்.

பீப் வரும்போது இன்னொரு வேலை பார்க்காதீர்கள். எத்தனை சத்தம், நீளமா குட்டையா, நடுவில் எங்கே இடைவெளி, இடைவெளிக்குப் பின் அதே எண்ணிக்கை திரும்புகிறதா என்று கவனியுங்கள். மூன்று சுற்று கேளுங்கள். கடைச் சத்தத்தில் குழப்பமாக இருந்தால் கைபேசியில் வீடியோ எடுத்து அமைதியான இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கேட்டதை ஜாப் ஷீட்டில் ‘2 குட்டை, இடைவெளி, 2 குட்டை’ என்று எழுதுங்கள். ‘பீப் சவுண்டு’ என்று மட்டும் எழுதும் பையனை நான் திரும்ப அனுப்பிவிடுவேன். டாக்டர் சீட்டில் ‘நோய்’ என்று மட்டும் எழுதினால் மருந்துக் கடைக்காரர் எதைக் கொடுப்பார்?

4. ஒரே எண்ணிக்கை எல்லா நிறுவனத்துக்கும் ஒரே பொருள் தராது.

பீப்புக்கு உலகப் பொது அகராதி கிடையாது. பயாஸ் எழுதியவர், கணினி செய்தவர், மாடல் ஆகிய மூன்றையும் பொறுத்து அது மாறும். பழைய ஏ.எம்.ஐ. பயாசில் 1, 2, 3 குட்டை பீப்கள் ரேம் பக்கம் கை காட்டும். 8 பீப் டிஸ்ப்ளே நினைவகத்தைக் காட்டும். பழைய அவார்டு பயாசில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ். பீனிக்ஸ் பயாஸ் 1-3-1-1 என்பதுபோல் கூட்டம் கூட்டமாக அடிக்கும்.

டெல் மடிக்கணினிகளில் நெடுங்காலம் இருந்த வரிசையை மனப்பாடமே செய்துகொள்ளலாம். 1 பீப் பயாஸ் அல்லது போர்டு. 2 என்றால் ரேமே கண்ணில் படவில்லை. 3 சிப்செட். 4 என்றால் ரேம் இருக்கிறது, ஆனால் சோதனையில் தேறவில்லை. 5 போர்டில் இருக்கும் கடிகார பேட்டரி. 6 கிராபிக்ஸ். 7 பிராசசர். 8 திரை.

இரண்டுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ‘காணோம்’ என்பது வேறு, ‘கெட்டுவிட்டது’ என்பது வேறு. முதலாவதில் ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். இரண்டாவதில் அந்த ரேமையே சந்தேகப்பட வேண்டும். இருந்தாலும் மனப்பாடத்தை மட்டும் நம்பாதீர்கள். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அந்த மாடலுக்கு நிறுவனம் வெளியிட்ட சர்வீஸ் மேனுவலைத் திறந்து ஒரு முறை சரிபாருங்கள்.

5. சத்தம் இல்லாவிட்டால் விளக்கைப் பாருங்கள்.

இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பல, சத்தத்துக்குப் பதில் விளக்கைச் சிமிட்டிப் பேசுகின்றன. பழைய எச்.பி.யில் கேப்ஸ் லாக், நம் லாக் விளக்குகள் சிமிட்டும். மூன்று சிமிட்டல் என்றால் ரேம். அடுத்து வந்தவற்றில் நீளமான சிவப்பும் குட்டையான வெள்ளையும் மாறி வரும். 3 சிவப்பு, 2 வெள்ளை என்றால் ரேமை எழுப்பப் போன இடத்தில் பயாஸ் திரும்பி வரவில்லை என்று பொருள். டெல்லில் முதலில் மஞ்சள், பிறகு வெள்ளை: 2 மஞ்சள், 3 வெள்ளை என்றால் ரேம் காணோம், 2, 4 என்றால் ரேம் கோளாறு, 2, 7 என்றால் திரை, 3, 1 என்றால் கடிகார பேட்டரி.

திங்க்பேடு வரிசையில் சில மாடல்கள் ஒரு குட்டி இசைபோல ஒலி எழுப்பும். லெனோவோவின் கைபேசிச் செயலி அதைக் கேட்டுக் கோளாறு எண்ணைச் சொல்லிவிடும். ‘என்னவோ மியூசிக் வருது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

6. திரை மட்டும் இருட்டா, இயந்திரமே எழவில்லையா என்று பிரித்தறியுங்கள்.

இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். மருந்து வேறு. நான் இந்த வரிசையில் பார்ப்பேன்:

எச்.டி.எம்.ஐ. வழியாக வெளி மானிட்டரை இணைப்பேன். அதில் படம் வந்தால் ரேமும் போர்டும் நலம்; கோளாறு திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. கீல் இறுகிப்போன மடிக்கணினிகளில் அந்தக் கேபிள் மடிந்து மடிந்து அறுந்திருக்கும்.

மானிட்டர் கிடைக்காவிட்டால் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பார்ப்பேன். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. ஓலெட் திரைக்குப் பின்னொளியே கிடையாது, அதனால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது.

கேப்ஸ் லாக்கைத் தட்டுவேன். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே யாரோ விழித்திருக்கிறார்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துவேன். ஒரு குட்டி பீப் கேட்டால் விண்டோஸ் ஓடுகிறது, கிராபிக்ஸ் டிரைவர் திரும்பத் தொடங்கியிருக்கிறது. இந்த பீப்பைக் கோளாறு பீப் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு கணக்கர் மூன்று முறை ஒரே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் ஓடும், அவர் அலுவலகத்தில் திரை இருண்டுவிடும். நான்காம் முறை நான் நேரில் போனேன். காந்தம் வைத்த உறை போட்ட கைபேசியை அவர் வழக்கமாக மடிக்கணினியின் இடது ஓரத்தில் வைப்பார். அங்கேதான் மூடி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காந்தத்தால் அறியும் சென்சார் இருந்தது. கைபேசியை எடுத்து வைத்தேன், திரை வந்தது. அன்றிலிருந்து மேசை மேல் என்ன இருக்கிறது என்பதையும் விசாரிக்கிறேன்.

7. விடாமல் அடிக்கும் பீப் என்றால் கீபோர்டையும் நினையுங்கள்.

இடைவெளியே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் சத்தத்துக்கு ஒரு விசை அழுந்தியபடி நின்றுவிட்டதும் காரணமாக இருக்கலாம். சர்க்கரை போட்ட டீ விசைக்கு அடியில் காய்ந்தால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். எல்லா விசைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருக்கும், அல்லது மெதுவாக எழும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கீபோர்டு ரிப்பன் கேபிளைக் கழற்றி ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

8. தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரி வெளியே கழலுமென்றால் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ் எல்லாம் வெளியே வரட்டும். பிறகு அடாப்டரை மட்டும் கொடுத்து ஆன் செய்யுங்கள். நாம் ‘ஆஃப்’ என்று நினைக்கும்போதும் இ.சி.க்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அது குழம்பிப்போய் நின்றுவிட்டால் இப்படி முழுக்கப் பட்டினி போட்டால்தான் தெளியும். செலவில்லாத வைத்தியம் இது. வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டாலும் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அடாப்டரையும் மல்டிமீட்டரில் ஒரு முறை அளந்துவிடுங்கள். 19 அல்லது 19.5 வோல்ட் என்று எழுதியிருப்பது அளவிலும் வர வேண்டும்.

9. பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து நடந்தது. அவசரத்தில், பேட்டரி உள்ளே இருக்கும்போதே ரேமைப் பிடுங்கினேன். சின்னப் பொறிகூடத் தெரியவில்லை. ஆனால் வரும்போது வெறும் ரேம் கோளாறாக இருந்த அந்தப் போர்டு அதன் பின் எழவேயில்லை. முதலாளி திட்டவில்லை. வேறு போர்டு வாங்கிப் போட்டுக் கொடுத்து, மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்தக் கடன் முடிய ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கடந்தன.

வரிசை இதுதான்: அடாப்டர், பின் மூடி, பின் பேட்டரி கனெக்டர், பின் மற்றவை. உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தை ஓர் இரும்புச் சட்டத்தைத் தொட்டு இறக்குங்கள்; முடிந்தால் மணிக்கட்டுப் பட்டை கட்டுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்.

ஸ்க்ரூக்களுக்கு ஒரு வழி: வெள்ளைத் தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை எடுத்த இடத்திலேயே ஒட்டுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீள ஸ்க்ரூவைப் போட்டால் அது போர்டைத் துளைத்து உள்ளிருக்கும் தடங்களை அறுத்துவிடும்.

10. ரேமிலிருந்து தொடங்குங்கள்.

போன மழைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அப்பாவோடு வந்தாள். இரண்டு பீப், இடைவெளி, இரண்டு பீப். இன்னொரு கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா சட்டைப் பையில் பணத்தோடு நின்றார். மேனுவலைப் பார்த்தேன், அந்த மாடலில் அதற்கு ரேம் காணோம் என்று பொருள்.

திறந்து ரேமை எடுத்து விளக்கின் கீழ் சாய்த்தேன். தங்க நிறத்தில் மினுங்க வேண்டிய வரிகள் மேல் மங்கலாக ஒரு படலம். வீடு கடலை ஒட்டி இருக்கிறதா என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்தால் கடல்தான் என்றாள். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. துடைத்து மாட்டியதும் நிறுவனத்தின் சின்னம் திரையில் வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். சுத்தம் செய்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

முறையைக் கவனியுங்கள். இருபுறக் கொக்கிகளையும் வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் தானே சாய்ந்து எழும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள். தங்க வரியில் விரல் படக் கூடாது. மென்மையான வெள்ளை ரப்பரால் வரியின் நீளவாக்கில் லேசாக நாலு முறை தேயுங்கள். ரப்பர்த் தூள் போர்டில் விழாதபடி தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர், எச்சில் எதுவும் கூடாது. ஸ்லாட்டை மென்தூரிகையால் தட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு கம்பி வளைந்திருந்தாலும் போதும், பீப் நிற்காது.

மாட்டும்போது சாய்வாக நுழைத்து முழுக்க உள்ளே தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடிக்கும். ஒரு டிக் மட்டும் கேட்டால் வேலை முடியவில்லை.

11. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட் இருந்தால் நான்கு சோதனை உண்டு. முதல் ரேம் முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாவதில். இரண்டாம் ரேமுக்கும் அப்படியே. ரேமைத் தொடர்ந்து பீப் போனால் ரேம் கெட்டது. ரேம் எதுவானாலும் ஒரே ஸ்லாட்டில் பீப் வந்தால் ஸ்லாட்டோ போர்டோ கெட்டது. ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ரேமையும் மாற்றி, கடிகார பேட்டரியையும் பிடுங்கி, பயாசையும் தொட்டுவிட்டு ‘ஓடுது அண்ணே’ என்று வந்து நின்றால் எது மருந்து என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் அதே மடிக்கணினி திரும்பி வரும்போதும் தெரியாது.

மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். கழற்ற ஸ்லாட்டே இல்லை என்று தெரிந்தால் அது போர்டில் உள்ள சிப்பையே கழற்றி மாற்றும் ‘சிப் லெவல்’ வேலை. அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

12. உள்ளே நுழைகிற ரேமெல்லாம் பொருந்துகிற ரேம் என்று எண்ணாதீர்கள்.

டி.டி.ஆர்.3 ரேமுக்கு 204 பின், டி.டி.ஆர்.4-க்கு 260, டி.டி.ஆர்.5-க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் போகாது. ஏமாற்றுவது டி.டி.ஆர்.3-ம் டி.டி.ஆர்.3எல்-ம்தான். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். இன்டெல் நாலாம் தலைமுறை காலத்து மடிக்கணினிகளில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் அழகாக உட்காரும், ஆனால் எழாமல் பீப் அடிக்கும். லேபிளில் 3-க்குப் பின்னால் ‘எல்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘நேத்துதான் புது ரேம் போட்டேன்’ என்று சொல்பவரிடம் பழையதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

13. மாற்றிய பின் காத்திருங்கள். மாற்றும் முன் எச்சரியுங்கள்.

கடிகார பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ புது ரேம் போட்டாலோ, சில மடிக்கணினிகள் தாமே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். ரேமின் வேகத்தைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். டி.டி.ஆர்.5-இல் இது சில நிமிடம்கூட ஆகும். அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அந்தப் பேட்டரி பெரும்பாலும் 3 வோல்ட் சி.ஆர்.2032, 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம்.

இன்னொன்று மிக முக்கியம். பயாஸ் அமைப்பு மாறினாலோ போர்டு மாறினாலோ பிட்லாக்கர் பூட்டு விழித்துக்கொண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். பலருக்குத் தம் மடிக்கணினியில் அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; மைக்ரோசாப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். மடிக்கணினியைக் காப்பாற்றிவிட்டு, பிள்ளையின் புகைப்படங்களைத் தொலைத்துவிட்டோம் என்று ஆகக் கூடாது.

14. பயாசைத் தொடும் முன் அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பயாஸ் கெடும். முதலில் நிறுவனமே வைத்திருக்கும் மீட்பு வழியைப் பாருங்கள். எச்.பி.யில் விண்டோஸ், பி இரண்டையும் அழுத்தியபடி ஆன் செய்ய வேண்டும். டெல்லில் கண்ட்ரோல், எஸ்கேப் அழுத்தியபடி அடாப்டரைச் செருக வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால்தான் பயாஸ் சிப்பைப் படித்து எழுதும் புரோகிராமர் கருவி. எட்டுக் கால் சிப்பைப் படிக்கும் முன் அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள்; 1.8 சிப்பை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் இடை அடாப்டர் இல்லாமல் மாட்டினால் கருகிவிடும். உள்ளதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, சேமித்த பிறகே புதிதை எழுதுங்கள். அந்த மடிக்கணினியின் வரிசை எண்ணும், விண்டோஸ் 8 காலத்திலிருந்து லைசென்ஸ் சாவியும் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. யாரோ பகிர்ந்த கோப்பை அப்படியே ஏற்றினால் மடிக்கணினி எழும். ஆனால் அது வேறொருவருடைய அடையாளத்தோடு எழும்.

15. சூடாக்கி எழுப்பியதைப் பழுது நீக்கியதாக விற்காதீர்கள். நனைந்ததை ஆன் செய்து பார்க்காதீர்கள்.

கிராபிக்ஸ் கோளாறுக்கு ஹாட் ஏர் காட்டினால் படம் வந்துவிடுவதுண்டு. சில வாரத்தில் போய்விடும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் பொதிவுப் பொருள் பலவீனமாக இருந்ததால் வரும் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. கோளாறு சிப்புக்கு உள்ளே இருந்தது. போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் உள்ள ஈயக் குண்டுகளை மட்டும் உருக்கி என்ன பயன்? உள் விரிசல் சூட்டில் கொஞ்ச நாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சிப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் மாற்ற முடியாது என்று சொல்லுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் நனைந்த மடிக்கணினிகள் குவிந்தன. அரிசி மூட்டையில் வைத்துவிட்டு ஆன் செய்து பார்த்தவர்களுடையதுதான் அதிகம் பாழாகியிருந்தது. நீரைவிட, நீர் இருக்கும்போது ஓடிய மின்சாரமே தடங்களை அரித்தது. நனைந்தது வந்தால் முதல் வேலை பேட்டரியைத் துண்டிப்பது. பிறகு முழுக்கப் பிரித்து, ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காய்ந்த பின்தான் மின்சாரம்.

16. தெரியாத இடத்தில் நிறுத்துங்கள், தெரிந்ததை ஒளிக்காதீர்கள்.

ரேம், கீபோர்டு, கேபிள், கடிகார பேட்டரி, அடாப்டர் எல்லாம் பார்த்தும் பீப் நிற்கவில்லை என்றால், நீங்கள் எழுதி வைத்த தாளோடு சிப் லெவல் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. அந்தத் தாள் இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சரியாகிவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று ஓடி முடிந்த பிறகே கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டு உரியவரிடமே ஒப்படையுங்கள். நல்ல ரேமை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போடும் கை, இந்தத் தொழிலில் எத்தனை திறமை இருந்தாலும் நிலைக்காது. சோதனைக்காக அவர்கள் கோப்புகளையோ படங்களையோ திறக்காதீர்கள். விண்டோஸ் எழுந்ததா என்று பார்ப்பதோடு நம் கண் நின்றுவிட வேண்டும்.

பிள்ளைகளே, ஒரு மடிக்கணினி உங்கள் மேசைக்கு வரும்போது அதோடு ஒருவருடைய தேர்வு, ஒருவருடைய வேலை, ஒருவருடைய கடன் தவணை எல்லாம் சேர்ந்து வருகின்றன. அதைக் கொண்டுவந்தவருக்கு பீப்பின் மொழி தெரியாது. நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவார். நாளைக் காலையில் ஒருவர் மேசைக்கு எதிரே வந்து நின்றால் திருப்புளியைத் தள்ளி வையுங்கள். ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். பட்டனை அழுத்துங்கள். எண்ணத் தொடங்குங்கள்.